சட்டைக் கையில் ஒரு பொறி

இது எந்த வருஷம் நடந்தது என்று உறுதியாகச் சொல்ல வராது. தேர்தலுக்கு முந்தின மழைக்காலம் என்பது மட்டும் நிச்சயம். சுவர்களில் ஒட்டியிருந்த முகங்கள் ஈரத்தில் ஊறி, கன்னம் ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமுமாக உரிந்து தொங்கியது நினைவில் இருக்கிறது. யார் எதை முதலில் சொன்னார்கள் என்பதில் குழப்பம் உண்டு. பாதி இந்தக் கதையில் வருகிறவளின் வீட்டில் கேட்டது. பாதி பாட்டில் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள் சொன்னது. அந்தப் பெண்களிடம் ஒரு விஷயம் எப்படி உருமாறும் என்பதுதான் இந்தக் கதையே. ஆகவே இதையும் அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை.

அவளைத் தொழிற்சாலையில் எல்லோரும் தள்ளுபடி அக்கா என்று கூப்பிட்டார்கள். பாட்டில்கள் சூடு ஆறிப் பெல்ட்டில் வரும்போது, பின்னால் வெளிச்சம் போட்ட ஒரு வெள்ளைப் பலகையின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து அனுப்புவது அவள் வேலை. கழுத்தில் மயிரிழை விரிசல், அடியில் உருகாத கல், வயிற்றில் குமிழி, எது இருந்தாலும் எடுத்து உடைசல் தொட்டியில் போட்டுவிடுவாள். மற்றவர்கள் சந்தேகத்தின் பலனைப் பாட்டிலுக்குக் கொடுப்பார்கள். அவள் கொடுக்க மாட்டாள். அதனால் வந்த பெயர்.

அவள் புருஷன் உலைக்கு ஃபோர்மன். வீட்டில்கூட அவனை அப்படித்தான் சொல்வார்கள். அதிகம் பேசாதவன். உலைக்கூடத்து இரைச்சலில் இருபது வருஷம் நின்றவனுக்கு, பேசினால் கேட்காது என்பது பழகிப்போய், கேட்கிற இடத்திலும் பேசாமல் இருந்துவிட்டான். கல்யாணமான புதிதில் அவளுக்கு அது கோபமாக இருந்தது. பிறகு அவன் சும்மா இருப்பதிலேயே பல தினுசு உண்டு என்று கண்டுபிடித்தாள். பசியின் மௌனம் வேறு, உலையில் ஏதோ சரியில்லை என்கிற மௌனம் வேறு.

உலையை ஒருமுறை மூட்டினால் வருஷக்கணக்கில் அணைக்கக் கூடாது. அணைந்தால் உள்ளே உருகிக் கிடக்கிற கண்ணாடி இறுகிவிடும். மேல் வளைவுச் செங்கல் விரிந்து இறங்கிவிடும். அப்புறம் அது உலை இல்லை, கல்குவியல். அதனால் உலைக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தீயைப் பார்க்கிற துவாரத்தின் முன்னால் நீலக் கண்ணாடியைக் கண்ணில் பிடித்து நிற்கிறவன், யார் வந்தாலும் திரும்பக் கூடாது. அந்த வெளிச்சத்திலிருந்து கண்ணை எடுத்தால் மறுபடி தீயின் நிறம் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். முதலாளி வந்தாலும் முதுகுக்குத்தான் பேசிவிட்டுப் போவார். புதிதாக வந்த மானேஜர் ஒருவர் இதை மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொண்டு ஃபோர்மனின் முதுகோடு வெகுநேரம் சண்டை போட்டார் என்று சொல்வார்கள்.

வெளிச்சப் பலகைக்கு முன்னாலும் ஏறக்குறைய அதே கதைதான். அங்கே உட்காரும் பெண்கள் பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்க முடியாது, ஆனால் வாய் சும்மாதானே இருக்கிறது. முகம் பார்க்காமல், முன்னால் ஓடும் கண்ணாடியைப் பார்த்தபடியே பேசிக்கொண்டே இருப்பார்கள். ஒருத்தி சொல்வது விளையாட்டா நிஜமா என்று பக்கத்தில் இருக்கிறவளுக்குத் தெரியாது. சிரிப்பை முகத்தில் பார்த்தால்தானே தெரியும். கண் சோர்ந்ததும் இடம் மாறுவார்கள். கதையும் அவர்களோடு இடம் மாறும். முதல் நாற்காலியில் கிளம்பின தலைவலி கடைசி நாற்காலிக்குப் போவதற்குள் ஆபரேஷன் ஆகிவிடும்.

கம்பெனி விழுந்தது ஒரே நாளில் இல்லை. முதலில் உலையில் எரிக்கிற எண்ணெய் குறைந்தது, பிறகு சம்பளம் தள்ளிப்போனது, கடைசியில் முதலாளியின் போன் அணைந்தது. அவர் எண்ணெயை வேறு எங்கோ திருப்பிவிடுகிறார் என்று தொழிலாளிகள் எல்லோரும் சேர்ந்து மேலே எழுதிப் போட்டார்கள். நேரிலும் போய் நின்றார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போது எதற்கும் அவசரம் இல்லை.

அவசரம் தேர்தலோடு வந்தது. எதிர்க்கட்சியின் பெரிய தலை, முன்பு தொழில்துறைக்கு மந்திரியாக இருந்தவர். இந்தத் தொழிற்சாலைக்கு இடமும் கடனும் கிடைத்தது அவர் காலத்தில். அவர் மறுபடி ஜெயித்துவிடுவார் என்று பேச்சு அடிபட்ட வாரத்தில், ஒரு காலையில் விசாரணைத் துறை வந்து கேட்டுக்கு சீல் வைத்தது. அதிகாரிகள் வருவதற்கு முன்பே கேமராக்காரர்கள் வந்து எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததுமே இது நமக்காக வந்த விசாரணை இல்லை என்று பாக்கிங் பிரிவில் ஒருத்தி சொன்னாளாம்.

உலைக்காரர்கள் சிலரை மட்டும் பக்கவாசல் வழியாக உள்ளே விட்டார்கள். பாட்டில் ஊற்றுவது நின்றுவிட்டது. தீயைக் குறைத்து, உலை உயிரோடு இருக்கிற அளவுக்கு மட்டும் காத்துக்கொண்டிருந்தார்கள். தொட்டியில் எண்ணெய் இறங்கிக்கொண்டே வந்தது. புதிதாக எண்ணெய் தர யாரும் தயாராக இல்லை. விசாரணையில் இருக்கிற இடத்துக்கு உத்தரவு இல்லாமல் லாரி வராது. உத்தரவு மேலிடத்திலிருந்து வர வேண்டும்.

அவள் தம்பி மாடி அறையில் குடியிருந்தான். ஆளும் கட்சியின் பிரசார வண்டியில் மைக் பிடிப்பது அவன் தொழில். ஊரில் அவனுக்குப் பெயரே மைக்தான். பகலெல்லாம் கத்திவிட்டு வீட்டுக்கு வரும்போது தொண்டை கிழிந்து, ரகசியம் பேசுகிறவன் மாதிரி பேசுவான். அன்று சாயங்காலம் அவன் படியேறாமல் நேராகச் சாப்பாட்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்தான். அவள் வெங்காயம் போட்டு உருளைக்கிழங்கு வதக்கி, ரொட்டியோடு வைத்திருந்தாள். வெளியே தகரக் கூரையில் மழை.

"அக்கா, ஒரு வாக்கியம். ஒரே ஒரு வாக்கியம். மச்சான் அதை விசாரிக்கிற மேடத்துக்கிட்ட சொன்னா மறுநாளே எண்ணெய் லாரி உள்ள வரும். கட்சி ஆபீஸ்ல எனக்கே வாக்குக் கொடுத்திருக்காங்க."

ஃபோர்மன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அவள்தான் கேட்டாள், என்ன வாக்கியம் என்று.

"பழைய மந்திரி உலைக்கூடத்துக்கு வந்தாரு. முதலாளி அங்க வச்சு ஒரு பெட்டி கொடுத்தாரு. நான் பார்த்தேன். அவ்வளவுதான்."

"பார்க்கணும்னா இவர் திரும்பியிருக்கணுமேடா. நான் சமையல்ல கையைச் சுட்டுக்கிட்டு உலைக்கூடத்துக்கு ஓடிவந்தப்பவே திரும்பாத ஆளு."

"அதையெல்லாம் யாரு கேக்கப் போறா. சாட்சி நிறைய இருக்குக்கா. பாக்கிங்ல சொல்லிட்டாங்க, லோடிங்ல சொல்லிட்டாங்க. எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க. உலைக்குப் பக்கத்துல நின்னது மச்சான் மட்டும்தான், அவர் சொன்னாத்தான் எடுபடுமாம். பெட்டி வாங்கும்போது பொறி தெறிச்சு மந்திரியோட சட்டைக் கையில ஓட்டையாயிருச்சே, அதுதான் மேடத்துக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இப்படி ஒண்ணை எவனும் உட்கார்ந்து ஜோடிக்க முடியாது, நடந்திருந்தாத்தான் சொல்ல முடியும்னு மேல சொல்லிட்டாங்களாம்."

அவளுக்குப் புரை ஏறியது. தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. ஃபோர்மன் எழுந்து வந்து உச்சந்தலையில் தட்டிவிட்டு மறுபடி போய் உட்கார்ந்தான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, துடைக்க ஒன்றுமில்லாத பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஓட்டை அவள் போட்டது.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒருநாள் ஃபோர்மன் வேலையிலிருந்து வந்து, "இன்னிக்கு மந்திரி வந்தாராம்" என்று மட்டும் சொன்னான். பின்னால் காலடி கேட்டதாம், முதலாளியின் குரலும் இன்னொரு குரலும் கேட்டதாம், போய்விட்டார்களாம். மறுநாள் வெளிச்சப் பலகை முன்னால் அவளுக்குப் பொழுது போகவில்லை. மந்திரி வந்தார், இவர் திரும்பவே இல்லை, பாவம் அவர் கையைக் கட்டிக்கொண்டு இவர் முதுகைப் பார்த்து நின்றார், அப்போது ஒரு பொறி பறந்துபோய் அவருடைய புதுச் சட்டையின் கையில் உட்கார்ந்து ஓட்டை போட்டுவிட்டது, அவர் அதைக் கையால் மூடிக்கொண்டே காருக்குப் போனார் என்று சொன்னாள். பக்கத்து நாற்காலியில் இருந்தவள் குலுங்கிச் சிரித்தாள். அதோடு மறந்தும் போனாள். மூடின கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியதோ, அடுத்த நாற்காலியிலோ அடுத்த ஷிப்டிலோ ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. கம்பெனி விழுந்த பிறகு அந்தப் பெட்டி கனமாகிவிட்டது. சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் காதில் விழுந்ததைத்தான் சொன்னார்கள்.

"நாங்க எழுதிப் போட்டோமே, அப்ப ஏன்டா யாரும் வரலை?" என்று கேட்டாள். ஏதாவது கேட்க வேண்டியிருந்தது.

"அப்ப தேர்தல் இல்லையேக்கா," என்றான் தம்பி. கிண்டலாகச் சொல்லவில்லை. அவனுக்கு அது நியாயமான பதிலாகவே இருந்தது.

"உங்க மாநாட்டுக்கு அலங்கார வளைவு கட்டிக் கொடுத்தது இதே முதலாளிதானே. நீயே மைக்ல நன்றி சொன்னியே."

"அது வேற விஷயம்."

"என்ன வேற?"

"அது நம்ம ஆளுங்க," என்றான். சொன்ன பிறகு அவனுக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். ரொட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

தட்டுகளை அவள் கழுவ, ஃபோர்மன் துடைத்து அடுக்கினான். அவன் மௌனம் எந்த வகை என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கடைசித் தட்டை வைத்துவிட்டுச் சொன்னான்.

"சொல்லிடலாம்னு இருக்கேன்."

"நீங்க பார்க்கலையே."

"பார்க்கலை."

"அப்புறம்?"

"உலை அணைஞ்சிடும்."

அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவன் பொய் சொல்லத் தெரியாதவன். பக்கத்து வீட்டுக்காரர் ஏணி இரவல் கேட்டால்கூட, இல்லை என்று ஒரு பொய் சொல்லத் தெரியாமல் எடுத்துக் கொடுத்துவிடுபவன். அப்படிப்பட்டவன் ஒரு பொய்க்குத் தயாராகிவிட்டான், அதுவும் அவள் சும்மா உட்கார்ந்து செய்த பொய்க்கு.

மறுநாள் பிற்பகல் ஃபோர்மனை விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். காலையில் அவள் டீயை எடுத்துக்கொண்டு பக்கவாசலுக்குப் போனாள். காவலுக்கு நின்ற போலீஸ்காரருக்கும் ஒரு தம்ளர் ஊற்றினாள். அவர் மழைக்கோட்டுக்குள்ளேயே தம்ளரைக் கொண்டுபோய் மறைத்துக் குடித்துவிட்டு, சீக்கிரம் வந்துவிட வேண்டும் என்று உள்ளே விட்டார்.

வெளிச்சப் பலகைகள் அணைந்திருந்தன. சீல் வைத்த அன்று வந்துகொண்டிருந்த பாட்டில்கள் பெல்ட்டில் அப்படியே வரிசையாக நின்றன, மேலே மெல்லிய தூசியோடு. நடக்கும்போதே அவள் கண் இரண்டு விரிசலைப் பார்த்துவிட்டது. கை நீட்டாமல் போனாள்.

உலைக்கூடத்தில் பழைய இரைச்சல் இல்லை. தீ குறைந்ததால் பேசினால் கேட்கிற அளவுக்கு அமைதியாக இருந்தது. ஃபோர்மன் துவாரத்தின் முன்னால் நின்றிருந்தான். காலடியில் யார் என்று தெரிந்திருக்கும், திரும்பவில்லை. அவள் டீயைத் திட்டின் மேல் வைத்துவிட்டு அவன் முதுகுக்குச் சொன்னாள்.

"அந்தச் சட்டைக் கை நான் சொன்னது. பொழுது போகாம சொன்னது. பொறியும் இல்லை, ஓட்டையும் இல்லை. பெட்டி எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

உலையின் மூச்சு மட்டும் கேட்டது. ஈரச் சட்டை அவன் தோளில் ஒட்டியிருந்தது.

"எந்தக் கை?" என்றான்.

"என்ன?"

"வலது கையா இடது கையா?"

"நான் அதெல்லாம் சொல்லலையே."

"லோடிங்காரன் வலதுங்கறான். பாக்கிங்ல இடதாம்."

அவன் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று ஒரு கணம் பயந்துபோனாள். சிரித்துக்கொண்டிருந்தான். அந்த மனிதன் சிரித்து எத்தனை நாளாகிவிட்டது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சிரித்து ஓய்ந்தார்கள்.

"இருந்தாலும் சொல்லிடறேன்," என்றான்.

"இவ்வளவு கேட்ட பிறகுமா?"

"அவரு அரசியல்வாதி. இது மாதிரி எத்தனையோ பார்த்திருப்பாரு, தாங்குவாரு. இது தாங்காது." நீலக் கண்ணாடியால் உலையைக் காட்டினான். "இதை நம்பி இத்தனை வீடு இருக்கு."

"நீங்க தாங்குவீங்களா?"

அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. இந்த மௌனம் அவளுக்குப் புதிது. டீ ஆறி ஏடு கட்டியது. அவள் கிளம்பினாள். திரும்பி வரும் வழியில் பெல்ட்டில் பார்த்த அந்த இரண்டு பாட்டில்களையும் எடுத்து உடைசல் தொட்டியில் போட்டாள். சீல் வைத்த பொருளைத் தொடக் கூடாது என்பது தெரியும். கை கேட்கவில்லை.

விசாரணை டைம் ஆபீஸில் நடந்தது. தொழிலாளிகள் வருகைப் பதிவு செய்கிற சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, கத்திக்கொண்டு சுற்றும் ஒரு மின்விசிறி. அதிகாரி ஒரு பெண். எல்லோரும் மேடம் என்றார்கள். சளி பிடித்து மூக்கு சிவந்திருந்தது. பக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க். டைப் அடிக்க ஒருவர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்.

ஃபோர்மன் கைகால் கழுவிவிட்டு வருவதற்குள் அவள் போய் நின்றாள். உங்களைக் கூப்பிடவில்லையே என்றார் மேடம்.

"கூப்பிடலை. நானா வந்தேன். அந்தச் சட்டைக் கை ஓட்டை என்னோடது மேடம்."

சொல்ல ஆரம்பித்ததும் எளிதாக இருந்தது. வெளிச்சப் பலகையை, முகம் பார்க்காத பேச்சை, இடம் மாறுவதை, எல்லாவற்றையும் சொன்னாள். டைப் அடிக்கிறவர் நடுவில் அடிப்பதை விட்டுவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். மேடத்தின் முகம் இறுகிக்கொண்டே போனது.

"பழைய மந்திரி ஆளுங்க யாராவது வீட்டுக்கு வந்தாங்களா? பயமுறுத்தினாங்களா?"

"வரலை மேடம். எங்க வீடு இருக்கிற பக்கம் எந்தக் கட்சியும் இன்னும் வரலை, தம்பியைத் தவிர."

"உங்க வீட்டுக்காரர் சொல்லலைன்னா எண்ணெய் வராது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"விரிசல் உள்ள பாட்டில் மேடம். இங்க நல்லாத்தான் நிக்கும். மூடி போட்டு, வண்டியில ஏத்தி, யாரோ ஒரு வீட்ல யாரோ ஒருத்தர் கையில எடுக்கும்போதுதான் உடையும். கோர்ட்டுல நாலு பேர் நாலு கையைச் சொன்னா, உடையறது எங்க வீட்டுக்காரர் கையில."

மேடம் முன்னால் இருந்த தாள்களைப் புரட்டினார். ஒரு தாளில் விரல் வைத்தார், இன்னொன்றில் வைத்தார். இன்னொன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மறுபடி படித்தார். தும்மினார். போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். அது மேஜையில் அதிர்ந்துகொண்டே நகர்ந்து பிளாஸ்கில் போய் முட்டி நின்றது. மழை வலுத்து, பிறகு குறைந்தது.

"சரி," என்றார் கடைசியில். குரல் மாறியிருந்தது. "அப்ப இந்தக் கம்பெனி எப்படித்தான் விழுந்துச்சு?"

"அதை இதுவரைக்கும் யாரும் எங்ககிட்ட கேக்கலை மேடம்."

கேட்டதற்கு அவள் சொன்னாள். உருகாத கல் உள்ள பாட்டில்கள் மாதாமாதம் அதிகமாக வந்தது, தீ போதாமல்தான் அப்படி வரும் என்பது, முன்கேட்டில் நுழைந்த எண்ணெய் லாரி பின்கேட் வழியாக நிறைந்த வயிற்றோடு முதலாளியின் இன்னொரு கம்பெனிக்குப் போனது. அது எல்லோரும் பார்த்தது. அதில் யாரும் எதையும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் கொடுத்தார் என்றால் இந்தக் கட்சிக்கும் கொடுத்தார், அந்தக் கட்சிக்கும் கொடுத்தார், ஜெயிப்பது யார் என்று அவருக்கும் தெரியாதே என்றாள். டைப் அடிக்கிறவர் இருமுவதுபோல் வாயை மூடிக்கொண்டார்.

பிறகு ஃபோர்மனைக் கூப்பிட்டார்கள். அவள் கதவோரம் ஒதுங்கி நின்றாள். அவன் முதுகு அவளுக்குப் பழகின முதுகு. என்ன சொல்லத் தீர்மானித்து வந்திருக்கிறான் என்பதை அதிலிருந்தே படிக்க முடிந்தது.

"பழைய மந்திரி உலைக்கூடத்துக்கு வந்தாரே, நீங்க பார்த்தீங்களா?"

அவன் மெதுவாகத் திரும்பினான். கேள்வி கேட்கிற அதிகாரியை விட்டுவிட்டு, முழு உடம்போடும் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் தலையாட்டவும் இல்லை, கண் காட்டவும் இல்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள். அவன் மறுபடி முன்பக்கம் திரும்பினான்.

"வந்திருக்கலாம் மேடம். நான் திரும்பலை. நாங்க திரும்ப மாட்டோம்."

டைப் அடிக்கிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. மேடம் வெந்நீரை ஊற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நான் சீல் வைக்க வந்தப்ப உலை எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு," என்றார், யாருக்கோ சொல்வதுபோல். "கைப்பற்றின பொருளை எந்த நிலைமையில எடுத்தேனோ அதே நிலைமையில கோர்ட்டுக்குக் காட்டணும். அணைஞ்சுபோனா நான்தான் பதில் சொல்லணும். அந்த இன்னொரு கம்பெனியில எண்ணெய்த் தொட்டி இருக்கா?"

"பெரிசு மேடம். மூணு தொட்டி," என்றான் ஃபோர்மன். அவ்வளவு சீக்கிரம் அவன் பதில் சொல்லி அவள் பார்த்ததில்லை.

"கோர்ட்டுல கேட்டுப் பார்க்கறேன். கிடைக்கும்னு சொல்ல மாட்டேன். அதுவரைக்கும் தாங்குமா?"

"தாங்க வைக்கறேன்."

அடுத்து வந்த நாட்கள்தான் கஷ்டமானவை. முக்கிய சாட்சி பல்டி, பின்னணியில் பழைய மந்திரியா என்று டிவியில் ஓடியது. தெருவில் சிலர் அவள் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். வேலை போன கோபத்தில் இருந்த ஒருத்தி, உன் நாக்கால்தான் உலை அணையப் போகிறது என்று தண்ணீர்க் குழாயடியில் நேராகவே சொன்னாள். அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டாள். கட்சி ஆபீஸில் தம்பியிடமிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார்கள். அவன் மாடியிலேயே படுத்துக் கிடந்தான். சாப்பாட்டை அவள் படியில் வைத்துவிட்டு வருவாள். தட்டு காலியாகித் திரும்பி வரும், பேச்சு வராது. தொண்டை மட்டும் தெளிந்துகொண்டு வந்தது. ஒருநாள் படியிலிருந்து கேட்டான்.

"ஏன்க்கா, பெட்டியும் நீ சொன்னதுதானா?"

"பெட்டி நான் சொல்லலை."

"அப்ப சரி," என்று கதவைச் சாத்தினான். எது சரி என்று அவளுக்கு விளங்கவில்லை. அன்றைக்குத் தட்டில் இரண்டு ரொட்டி கூடுதலாக வைத்தாள்.

ஃபோர்மன் வீட்டுக்கு வருவது குறைந்தது. தீயை இன்னும் இன்னும் இறக்கி, அணையவும் விடாமல், துவாரங்களையெல்லாம் களிமண் பூசி அடைத்து, சூடு வெளியே போகாமல் உலையைப் பொத்திப் பொத்திக் காத்தார்கள். வேலை இல்லாத உலைக்காரர்களும் கேட்காமலே வந்து பக்கவாசலில் நின்றார்கள். போலீஸ்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

லாரி ஒரு மத்தியானம் வந்தது. கோர்ட் உத்தரவோடு, முதலாளியின் இன்னொரு கம்பெனித் தொட்டியிலிருந்து, அவர்களுடைய எண்ணெயே திரும்பி வந்தது. பின்கேட் குறுகல், தரை சேறு. லாரி பின்னால் வந்துதான் நுழைய வேண்டும். டிரைவருக்கு மழையில் ஒன்றும் தெரியவில்லை. அவள் கேட்டருகில் நனைந்துகொண்டு நிற்கும்போது, பின்னாலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"வா, வா, வா... இடது பக்கம் ஒடி... இன்னும் வா... நிறுத்து."

தம்பி. மைக் இல்லாமல், தெளிந்த தொண்டையோடு, கட்சி மேடையில்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டான். லாரி சரியாகத் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவன் சேற்றைக் காலால் தட்டிக்கொண்டே அவளைப் பார்க்காமல் சொன்னான், வீட்டில் டீ ஏதாவது இருக்கிறதா என்று.

பிறகு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய மந்திரி தேர்தலில் ஜெயித்தார். ஜெயித்ததும் அவரும் ஒரு விசாரணை வைத்தார். அது மற்றவர்களைப் பற்றியது. மேடத்தை எடைக்கல் சரிபார்க்கிற துறைக்கு மாற்றிவிட்டார்கள், ஆனால் அவர் எழுதினதை யாராலும் மாற்ற முடியவில்லை. எண்ணெய் திருப்பின வழக்கில் முதலாளி கொஞ்ச காலம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். உலை உயிரோடு இருந்ததால்தான் வேறொரு கம்பெனி தொழிற்சாலையை எடுத்து நடத்த முன்வந்தது. முதலில் பாதிப் பேருக்கு வேலை, அடுத்த வருஷம் மீதிப் பேருக்கும். குழாயடியில் பேசினவள் இப்போது அவளுக்குப் பக்கத்து நாற்காலி. தம்பிக்கு லோடிங் பகுதியில் லாரிகளை வழிநடத்துகிற வேலை. கட்சிக் கூட்டங்களுக்கும் போகிறான், இப்போது எல்லாக் கட்சிக்கும். வெளிச்சப் பலகை முன்னால் ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. கதை விடுகிறவள் ஒரு பாட்டிலைக் கைநழுவ விட்டாலும் பரவாயில்லை, திரும்பி முகத்தைக் காட்டிவிட வேண்டும்.

மறுபடி பாட்டில் ஊற்றத் தொடங்கின அன்று பழைய மந்திரி, அப்போது மறுபடியும் மந்திரி, உலைக்கூடத்துக்கு வந்தார். கேமராக்காரர்களும் வந்தார்கள். இந்தத் தடவை அவளும் அங்கே நின்று எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தாள். மறுநாள் பெண்கள் சுற்றிக்கொண்டு என்ன நடந்தது என்று கேட்டபோது, திரும்பி முகத்தைக் காட்டி, ஒன்றும் நடக்கவில்லை என்றாள். யாரும் நம்பவில்லை. ஆனால் உண்மையிலேயே ஒன்றும் நடக்கவில்லை. மந்திரி கொஞ்ச நேரம் ஃபோர்மனின் பின்னால் நின்றார், நன்றாக எரிகிறதா என்று கேட்டார். எரியுது என்றான் ஃபோர்மன். திரும்பவில்லை.